என் மூடித் திருடன்

இப்படி ஓரமா உக்காருங்க தம்பி, அந்தப் பக்கம் வெயிலு அடிக்கும். உங்களுக்கும் திருட்டுக் கேஸுதான? பாத்தாலே தெரியுது. பறிகொடுத்தவன் மூஞ்சி தனியாத் தெரியும். களவாண்டவன் மூஞ்சிதான் தெளிவா இருக்கும். அங்கன பாருங்க, விலங்கு மாட்டிக்கிட்டு நிக்கானே, ஏட்டையாகிட்ட எப்படிச் சிரிச்சுப் பேசுதான்.

என் கேஸு இப்பத்தான் முடிஞ்சுது. கோர்ட்டுக்குள்ள கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்காவ. அவன் வரட்டும்னுதான் உக்காந்திருக்கேன். எவனா? என் திருடன்தான்.

என்ன களவு போச்சுன்னு கேக்கியளா? மூடி. அண்டா மூடி, தேக்சா மூடி, கொப்பரை மூடி. சிரிக்காதீங்க. ஸ்டேஷன்ல ரைட்டரும் இப்படித்தான் சிரிச்சாரு. "ஏம்மா, அண்டா போச்சுன்னா கேஸு போடலாம், மூடிக்கு எப்படிப் போட?"ன்னாரு. "ஐயா, உங்க தொப்பியை ஒருத்தன் தூக்கிட்டுப் போனா, தலை இருக்குல்லா போங்கன்னு சொன்னா சும்மா இருப்பியளா?"ன்னேன். பெறகுதான் பேனாவை எடுத்தாரு.

நமக்குப் பாத்திர வாடகைத் தொழில். மேலத்தெருவுல ஆவுடையம்மாள் பாத்திர நிலையம்னா பச்சைப்பிள்ளை கூடக் கை காட்டும். கல்யாணம், சடங்கு, பால்காய்ச்சு, பதினாறாம் நாளு, எதுன்னாலும் நம்ம பாத்திரம்தான். எதுத்தாப்புல ஒருத்தன் இருக்கான், உச்சிமாகாளின்னு. அவனும் பாத்திர வாடகைதான். அவன் கடைக்கும் கை காட்டும். பச்சைப்பிள்ளைக்கு என்ன தெரியும்?

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, தை மாசம். நல்ல முகூர்த்தச் சமயம். பாத்தா மூடியைக் காணும். பாத்திரம் இருக்கு, மூடி இல்ல. கரண்டி இருக்கு, வாளி இருக்கு, பித்தளைக் கொடம் இருக்கு, அதெல்லாம் ஒரு திருடன் கண்ணுல படாதா? படலியே. மூடி மட்டும் போகுது. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. சரி, கல்யாண வீட்டுல விட்டுட்டு வந்திருப்பாவன்னு நெனச்சேன்.

அப்பத்தான் பாவூர்சத்திரத்துல ஒரு கல்யாணம். பெரிய இடம். பாயாச அண்டாவுக்கு மூடி இல்ல. வாழையிலையைப் போட்டு மூடிருக்கான் சமையக்காரன். காத்துல இலை பறந்து போச்சு. ஒரு காக்கா வந்து உளுந்தவடை ஒண்ணைத் தூக்கிட்டுப் பறக்கு. பறந்த சனியன் நேராப் போகக் கூடாதா? கரெக்டா அண்டாவுக்கு மேல வந்து வாயைத் திறந்துட்டுது. வடை உள்ள.

யாருக்கும் தெரியாது. பந்தியில மாப்பிள்ளையோட தாய்மாமன் இலையில பாயாசம் ஊத்துதாவ, கூடவே வடை விழுது. அந்த மனுசன் தின்னுபோட்டு, "அருமை, இது புதுசால்லா இருக்கு"ன்னுட்டாரு. பக்கத்து இலைக்காரர், "எனக்கு ஏன் பாயாச வடை வரல?"ங்காரு. அதுக்குப் பக்கத்து இலை, "பொண்ணு வீட்டுக்காரன் ஆளு பாத்துல்லா வைக்கான்"ங்கு. அவ்வளவுதான். வடை வந்ததுக்குச் சண்டை இல்ல தம்பி, வராததுக்குச் சண்டை. நாற்காலி பறக்கு. தாலி கட்டி முடிஞ்சதுனால கல்யாணம் தப்பிச்சுது.

அவ்வளவு பழியும் எந்தலையில. மூடி இல்லாம அண்டா அனுப்புன கடைன்னு பேராயிட்டுது.

எனக்குச் சந்தேகம் யார் மேல வரும்? எதுத்த கடைக்காரன் மேலதான. நடுத்தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்தினேன். "என் மூடியைத் தூக்குனவன் வாயி மூடாமப் போக"ன்னு. உச்சிமாகாளி வெளிய வந்து, "மயினி, உங்க ஒடுங்குன மூடியை வச்சு நான் என்ன செய்ய? தலையில கவுத்தவா?"ன்னான். தெருவே சிரிச்சுது. அவன் சிரிச்சது கூடப் பரவால்ல, எங்கடை வாசல்ல நின்னுக்கிட்டே எங்கடை லோடுமேன் சிரிச்சான்.

பெறகு ஒரு நாளு, வாடகைக்குப் போன சுண்டல் சட்டியைத் திருப்பி வாங்கலாம்னு செண்பகம் வீட்டுக்குப் போனேன். பின்தெருவுல இருக்கா. பீடி சுத்துதவ. தாய் தகப்பன் கெடையாது, ஒரே ஒரு தம்பி, குத்தாலம்னு பேரு. அவனுக்கு முப்பது வயசு இருக்கும், நல்ல வாட்டசாட்டமான ஆளு. ஆனா சின்னதுல இருந்தே ஒரு மாதிரி. மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டான். "சாப்பிட்டியால?"ன்னு கேட்டா, "எப்ப?"ம்பான். அவனைப் பாக்கணும்னு இவ கல்யாணமே வேண்டாம்னுட்டா.

வாசல்ல நிக்கேன், உள்ள இருந்து ஒரு சத்தம். ஙொய்ங்ங்... டங்... டங்... டங்டங்... டடடடட... சப்! இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? நான் இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனை காலம்! எட்டிப் பாக்கேன். கன்னத்தைத் தரையோட ஒட்ட வச்சுப் படுத்துக் கெடக்கான் குத்தாலம். கண்ணுக்கு முன்னால என் தேக்சா மூடி சுத்துது. சுத்தி, ஆடி, அடங்குத வரைக்கும் கண்ணைச் சிமிட்டல. அடங்குனதும் ஒரு சிரிப்பு. பெறகு எந்திரிச்சு அடுத்த மூடி. சுவரோரம் என் மூடி எல்லாம் சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசையாச் சாத்தி வச்சிருக்கு, கொலு கணக்கா. அக்காக்காரி பீடி சுத்துதா, தம்பிக்காரன் மூடி சுத்துதான்.

செண்பகம் என்னைப் பாத்ததும் பீடித்தட்டைப் போட்டுட்டு ஓடி வந்து கையைப் பிடிச்சிட்டா. "யக்கா, பழைய சாமான் கடையில எடைக்குக் கெடந்துதுன்னு சொல்லி யாரோ குடுத்ததா நெனச்சேன்க்கா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. கேஸு மட்டும் வேண்டாம். ஏற்கெனவே சைக்கிள் கடையில ரிம்மைத் தூக்கிட்டு வந்து போலீசு எச்சரிச்சு விட்டிருக்குக்கா"ன்னா.

நான் எளகுன மனசுக்காரிதான் தம்பி. ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. ஆனா பாருங்க, உச்சிமாகாளியை நடுத்தெருவுல திருடன்னு சொல்லியாச்சு. இப்ப சும்மா விட்டா, எவனும் எடுக்கவே இல்ல, நானே வச்சுக்கிட்டு நாடகம் ஆடுனேன்னு கதை கட்டுவான். கோர்ட்டு முத்திரை குத்துன திருடன் ஒருத்தன் எனக்கு வேண்டியிருந்துது. அவ்வளவுதான். வேற ஒரு கெட்ட எண்ணமும் கெடையாது.

கேஸு வந்துது. இதே கோர்ட்டுதான், இதே ஜட்ஜம்மாதான். சின்ன வயசு. கண்ணாடி போட்டிருப்பாவ. மூடியை எல்லாம் சாக்குல கட்டிக் கொண்டாந்து மேஜையில அடுக்கியாச்சு. "உங்க மூடிதானா பாருங்க"ன்னாவ. பாக்காமலே, "ஆமாம்மா"ன்னேன். "பேரு வெட்டியிருக்கே, படிங்க"ன்னாவ. எடுத்துப் பாத்தா, உ.மா.

"உ.மா.ன்னா யாரு?"ன்னு கேட்டாவ.

பின்னால கூட்டத்துல இருந்து ஒருத்தன் எந்திரிக்கான். "அம்மா, உச்சிமாகாளிம்மா. அது என் மூடிம்மா. நாலு வருஷமாத் தேடுதேன்."

இன்னொண்ணைத் திருப்புதாவ. அதுலயும் உ.மா. அடுத்ததுல அம்மன் கோயில் உபயம்னு வெட்டியிருக்கு. ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழத்தித் தொடைச்சிட்டு, "உங்க கடைக்கு இதெல்லாம் எப்படி வந்துது?"ன்னாவ.

"கல்யாணத்துல கலந்து வரும்மா."

"திருப்பிக் குடுக்கலியா?"

"கேக்கலியேம்மா."

தொழில் தெரியாதவங்க அப்படித்தான் கேப்பாவ தம்பி. பாத்திரம் கலக்குதது எங்க தொழில்ல சகஜம். அதுக்குப் பேரு திருட்டா? திருட்டுன்னா எடுக்கணும். வந்ததை வச்சுக்கிடுதது எப்படித் திருட்டாவும்?

அடுத்து குத்தாலத்தைக் கேட்டாவ. "மூடியெல்லாம் எடுத்தியாப்பா?"

"எடுத்தேன்."

இலவச சட்ட உதவி வக்கீலு ஒரு சின்னப் பொண்ணு, அது தலையில கையை வச்சிட்டுது. "எல்லாத்தையும் நீதான் எடுத்தியா?"ன்னாவ ஜட்ஜம்மா.

"இல்ல. பெரிய கொப்பரை மூடி எடுக்கல. அது கோணல். சுத்தாது."

என் கொப்பரை மூடியைக் கோணல்னு கோர்ட்டுல வச்சுச் சொல்லுதான் தம்பி! திருட்டைக் கூடப் பொறுத்துக்கிடலாம். நான் எந்திரிச்சு, "அது கோணல் இல்லம்மா, அதோட வாகு அப்பிடி"ன்னு சொல்லப் போனேன். உக்காருங்கன்னுட்டாவ.

சரி, குத்தம் ஒத்துக்கிட்டான். இப்ப தண்டனை. அரசு வக்கீலு, "இது ரெண்டாந்தடவை. ஜெயிலுக்கு அனுப்பலைன்னா திரும்பவும் எடுப்பாரு"ன்னாரு. ஜட்ஜம்மா குத்தாலத்தைப் பாத்து, "விட்டா திரும்ப எடுப்பியா?"ன்னாவ. அவன் யோசிச்சுட்டு, "எந்த மூடி?"ங்கான். 

பெரியாஸ்பத்திரி டாக்டர் குடுத்த சர்டிபிகேட்டை வாசிச்சாவ. பொறந்ததுல இருந்தே மூளை வளர்ந்த விதம் வேறயாம். அறிவு வளர்ச்சியும் கொஞ்சம் மெதுவாம். ஆட்டிசம்னு ஒண்ணு சொன்னாவ. எங்காதுல ஆட்டம்னு விழுந்துது. "அது எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துதும்மா, சீட்டாட்டம். ஜெயிலுக்குப் போயிட்டு வந்தும் தீரல"ன்னேன். அந்த வக்கீல் பொண்ணு துள்ளி எந்திரிச்சு, "கேளுங்கம்மா, ஜெயிலுக்குப் போனாத் தீராதுன்னு புகார்தாரரே சொல்றாங்க!"ன்னுட்டுது. எம்பேச்சையே எனக்குத் திருப்பி விட்டுட்டாவ.

நன்னடத்தை அலுவலர்னு ஒருத்தர் இருக்காரு, ஞானதுரை சார். அவரு குத்தாலம் வீட்டுக்குப் போயி விசாரிச்சு எழுதியிருந்தாரு. ஒரு மூடியும் விக்கலியாம், ஒரு கீறல் இல்லையாம், தெனம் தொடைச்சு வச்சிருக்கானாம். ஒரே மாதிரி வேலை, கூட ஒரு ஆளு கண்காணிப்பு, ரெண்டும் இருந்தா நல்லா வருவான்னு எழுதியிருந்தாரு. பெறகு மெதுவா ஒண்ணு சொன்னாரு. பிடிச்சிட்டுப் போயி சப்ஜெயில்ல வச்சிருந்தப்ப, அந்தச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் தாங்காம, சோறு திங்காம, தன் கையைத் தானே கடிச்சு வச்சிருக்கான்னு. செண்பகம் அவன் சட்டைக்கையை ஏத்திக் காட்டுனா. நான் அதெல்லாம் பாக்கல தம்பி. பாத்தேன், ஆனா பாக்கல.

ஜட்ஜம்மா, "இவருக்கு யாராவது வேலை குடுத்துப் பாத்துக்கிட முடியுமா? அப்படின்னா நன்னடத்தையில விடலாம்"னாவ. நான் மேல ஓடுத ஃபேனைப் பாத்தேன்.

பின்னால இருந்து, "நான் குடுக்கேம்மா."

உச்சிமாகாளி!

எனக்குக் காந்திச்சு பாருங்க. என் மூடியைத் திருடுனவன், நான் புகார் குடுத்து, நான் பஸ்ஸு ஏறி அலைஞ்சு, நான் பிடிச்சுக் குடுத்த திருடன். அவனை இவன் கடையில உக்கார வச்சா தெரு என்ன சொல்லும்? ஆவுடையம்மாகிட்டத் திருடு, உச்சிமாகாளிகிட்ட வேலைன்னு பாட்டே கட்டிருவான். எந்திரிச்சுட்டேன். "அம்மா, திருட்டு எங்கிட்டத்தான நடந்துது? அவன் எனக்குத்தாம்மா பாத்தியம்"னேன்.

"பாதி மூடி என்னுது"ங்கான் அவன். "மத்தியானச் சாப்பாடு போடுதேம்மா."

"நான் சாப்பாடும் போட்டு ரெண்டு வேளை காப்பியும் குடுக்கேன்."

"தீவாளிக்கு வேட்டி."

"நான் வேட்டியும் சட்டையும். சட்டை ரெடிமேடு!"

ஜட்ஜம்மா மேஜையைத் தட்டுனாவ. "இது கோர்ட்டா, ஏலக்கடையா?"ன்னு ஒரு அதட்டு. ஆனா வாயைப் பொத்திக்கிட்டாவ, அதை நான் பாத்தேன். ஒரு வருஷம் நன்னடத்தைப் பிணை. அக்காக்காரி ஜாமீன். என் கடையில வேலை, ஒழுங்காச் சம்பளம் குடுக்கணும், ஞானதுரை சார் மாசாமாசம் வந்து பாப்பாரு. நடுவுல திரும்பத் தப்புப் பண்ணுனா பழைய கேஸுக்கும் சேத்துத் தண்டனை. அப்படி எழுதுனாவ. கடைசி வரியை நான் சரியாக் கேக்கல. உச்சிமாகாளி மூஞ்சி விழுந்ததைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.

அந்த ஒரு வருஷம் நான் பட்ட பாடு இருக்கே! வந்த மொத வாரம், மூடி எல்லாத்தையும் கழுவித் தொடைச்சான். நல்லதுதானன்னு பாத்தா, உ.மா.ன்னு வெட்டுனதை எல்லாம் தனியா எடுத்து, தலையில வச்சுக்கிட்டு எதுத்த கடைக்குக் கொண்டு போயி இறக்கிட்டான். நான் கத்துதேன், திரும்பிப் பாக்கல. போனவன் சும்மா வரலை. அவன் கடைக்குள்ள நொழைஞ்சு, ஆ.ன்னு வெட்டுனதை எல்லாம் பொறுக்கித் தூக்கிட்டு வாரான். பின்னாலயே உச்சிமாகாளி, "மயினி, உங்க ஆளு பட்டப்பகல்ல..."ன்னு ஓடி வாரான். ஒரு வண்டி இருக்கும் தம்பி! எத்தனை வருஷமா அமுக்கி வச்சிருந்திருக்கான் அந்தத் திருட்டுப்பய! அவனுக்கு வெக்கம் வேண்டாம்?

வாடகைக்கு வாரவங்ககிட்ட, "இந்த அண்டா ஒழுகும்"னு சொல்லுவான். "மெதுவாச் சொல்லுல"ன்னா, அதே பேச்சை மெதுவாச் சொல்லுவான். அண்டா வேணும், மூடி வேண்டாம்னு யாராவது கேட்டா குடுக்க மாட்டான். வாசல்ல குறுக்க நின்னுக்கிடுவான். ஒரு கட்சிக்காரரு கூட்டத்துக்குத் தண்ணி வைக்க அண்டா கேட்டு வந்து, மூடியையும் தூக்கிட்டுப் போயி, மேடையில சால்வை வைக்க இடமில்லாம மூடியில வச்சாராம்.

ஞானதுரை சார் வருவாரு. "எப்படிம்மா இருக்கான்?"னு கேப்பாரு. "எம்பிராணனை எடுக்கான்"ம்பேன். அவரு எழுதிக்கிட்டு, "நல்ல முன்னேற்றம்"ம்பாரு. 

ஒரு பழக்கம் மட்டும் விடலை. சாயங்காலம் போறப்ப ஒரு மூடியைத் துணிப்பையில வச்சுக்கிட்டுப் போயிருவான். காலையில கொண்டாந்து எடத்துல வச்சிருவான். கேக்கவும் மாட்டான், சொல்லவும் மாட்டான். நானும் அந்த நேரம் பாத்து முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிருவேன். எதுக்குன்னா, தடயம் சேரட்டும்னுதான். 

வருஷம் முடியப் போகுதுன்னு ஞானதுரை சார் சொன்னாரு. இனிமே அவன் சுதந்திர ஆளு, எங்க வேணும்னாலும் வேலை பாக்கலாம்னாரு. எனக்குத் திக்குன்னுட்டுது. எதுத்தாப்புல பாத்தா, உச்சிமாகாளி டீக்கடையில நின்னு குத்தாலத்துக்குப் பருப்பு வடை வாங்கிக் குடுக்கான். ஒரு நாள் இல்ல, தெனம். ஒரு வடையில ஆரம்பிச்சவன் ரெண்டாக்கிட்டான். அவன் கெட்ட எண்ணம் தெரியுதா உங்களுக்கு?

நான் யோசிச்சேன். தண்டனை பத்தாதுன்னு தோணுச்சு. எவ்வளவு மூடி எடுத்தான்! அதுக்கு ஒரு வருஷம்தானா? நியாயமா? இன்னும் ரெண்டு வருஷமாவது எங்கடையில வச்சுத் திருத்தணும். பிரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல, நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா. கோர்ட்டு வாசல்ல மனு எழுதுதவர்கிட்டச் சொல்லி, "இவன் இன்னும் திருந்தலை, தெனமும் ஒரு மூடி எடுத்துட்டுப் போறான், ஆகவே தண்டனையை நீட்டித்துத் தர வேண்டும்"னு எழுதி வாங்கி நீட்டிட்டேன்.

அதுதான் இன்னைக்கு விசாரணை.

ஜட்ஜம்மா மனுவை வாசிச்சாவ. வாசிக்க வாசிக்க மூஞ்சி மாறுது. அரசு வக்கீலு எந்திரிச்சாரு பாருங்க, பலாப்பழத்துல ஈ உக்காந்த மாதிரி ஒரு சந்தோசம். "அப்படின்னா பிணையை மீறியிருக்காருன்னு அர்த்தம். பழைய கேஸுக்கும் சேத்து ஜெயில் தண்டனை குடுக்கணும்"ங்காரு.

ஜெயிலா? நான் எங்கடையில நீட்டிக்கச் சொன்னேன், இவரு ஜெயிலுக்கு நீட்டுதாரு! ஞானதுரை சார் எம்பக்கம் திரும்பி, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"ன்னாரு. செண்பகம் என்னைப் பாத்தா. அதுக்கு அவ நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். உச்சிமாகாளி கூட, "மயினி, உங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"ன்னு அழுத மாதிரிக் கேக்கான்.

எந்திரிச்சு, "அம்மா, அவன் தங்கம்மா, திருந்திட்டான்"னேன்.

"மனுவுல திருந்தலைன்னு எழுதியிருக்கே?"

"எழுதுனவருக்குக் கையெழுத்து சரியில்லம்மா."

ஜட்ஜம்மா அவனைப் பாத்தாவ. "குத்தாலம், தெனமும் மூடி எடுத்துட்டுப் போனியா?"

இல்லன்னு சொல்லுல, இல்லன்னு சொல்லுலன்னு நான் மனசுக்குள்ள கும்பிடுதேன். அவன் பொய் சொல்ல மாட்டான் தம்பி. அதை நான் ஒரு வருஷமாப் பாத்தாச்சு. அவனுக்கு அது வராது.

"எடுத்துட்டுப் போனேன்."

அரசு வக்கீலு கையை விரிச்சிட்டாரு, இதுக்கு மேல என்னங்கிற மாதிரி.

"நான்தாம்மா குடுத்தேன்!"னு கத்திட்டேன்.

"எப்ப குடுத்தீங்க?"

"இப்பத்தாம்மா."

"இப்பவா? ஒரு வருஷமா எடுத்ததுக்கு இப்பக் குடுத்தேங்கிறீங்க?"

எங்கிருந்துதான் வந்துதோ, வாயில வந்துட்டுது. "அம்மா, நான் என்ன தொழில் பண்ணுதேன்? பாத்திர வாடகை. சாயங்காலம் ஒருத்தன் எங்கடையில இருந்து மூடியை எடுத்துட்டுப் போறான். காலையில அதே மூடியைத் தொடைச்சுக் கொண்டாந்து எடத்துல வைக்கான். இதுக்குப் பேரு திருட்டாம்மா? வாடகை! ஊரே அதைத்தான எங்கடையில செய்யுது? ஊரையே ஜெயில்ல போடுவியளா?"

"அப்போ வாடகை குடுத்தாரா?"ன்னு கேக்காரு அரசு வக்கீலு.

"பழக்கமான பார்ட்டி. அவன்கிட்ட வாங்க மாட்டோம்"னேன்.

ஜட்ஜம்மா குனிஞ்சு மேஜைக்கு அடியில எதையோ தேடுதாவ. ஒண்ணும் கீழ விழலை, எனக்குத் தெரியும். தோளு குலுங்குது. நிமிந்தப்ப கண்ணுல தண்ணி. "பொருளோட சொந்தக்காரரே சம்மதம்னு சொல்லுதப்ப அது திருட்டாகாது"ன்னாவ. பிணைக் காலம் முடிஞ்சுது, கேஸு முடிஞ்சுதுன்னு எழுதுனாவ. எம்மனுவைத் தள்ளுபடி பண்ணுனாவ. எனக்கு ஒரு எச்சரிக்கை. கோர்ட்டு நேரத்தை வீணாக்குனேனாம். 

போறதுக்கு முந்தி, "குத்தாலம், இனி நீங்க எங்க வேணும்னாலும் வேலை பாக்கலாம். எங்க போகப் போறீங்க?"ன்னு கேட்டாவ. நீங்கன்னு கேட்டாவ தம்பி. அவனை யாரும் அப்படிக் கேட்டுப் பாத்ததில்ல. உச்சிமாகாளி மொத வரிசைக்கு வந்து பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான். நான் பாக்கவே இல்ல. ஃபேனைப் பாத்துக்கிட்டு நிக்கேன். எங்க போனா எனக்கு என்ன?

அவன் குனிஞ்சு கோர்ட்டுத் தரையைப் பாத்தான்.

"ஆவுடையக்கா கடை"ன்னான்.

"ஏன்?"

"அங்க தரை கடப்பாக்கல்லு. நல்லாச் சுத்தும். எதுத்த அண்ணாச்சி கடையில டைல்ஸு. வழுக்கும்."

கேட்டியளா? எந்தரையை! எங்க வீட்டுக்காரரு உசிரோட இருக்கப்ப எந்தங்கச்சங்கிலியை வித்துப் போட்ட கல்லு தம்பி அது. ஒருத்தன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. கண்ணு கலங்கிட்டுது எனக்கு. தரைக்காகத்தான். உச்சிமாகாளி, "நானும் டைல்ஸைப் பேத்துட்டுக் கடப்பாக்கல்லு போடுதேன்"னு பின்னாலயே வந்து நின்னான். அவனை வெளிய இழுத்துட்டு வந்து நாலு வார்த்தை ஏசி அனுப்பிட்டு, இப்பத்தான் இங்கன உக்காந்தேன்.

அந்தா வாரான் பாருங்க. நீலச் சட்டை. நான் எடுத்துக் குடுத்த சட்டைதான். ரெடிமேடு. பின்னால செண்பகம், ஞானதுரை சார் கூடப் பேசிக்கிட்டு வாரா. வால, வா. கையெழுத்துப் போட்டாச்சா? கையில என்னது?

ஐயையோ.

இது ஜட்ஜம்மா மேஜையில பேப்பர் பறக்காம வச்சிருந்த கண்ணாடிக் குண்டுல்லா! ஏல, எப்படில வந்துது இது? அம்மா குடுத்தாவளா? ஜட்ஜம்மா உனக்கு எதுக்குல குடுக்கப் போறாவ? இப்பத்தான தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு! பொய் சொல்லக் கூட எப்பப் படிச்ச நீ?

தம்பி, உங்க பையை இப்படித் திறங்க. பேசாமத் திறங்க தம்பி. உள்ள துண்டு இருக்கா? அதுக்கு அடியில வைங்க. நீங்க ஒண்ணும் பாக்கல. நானும் பாக்கல. குத்தாலம், மேல பாரு, அந்தப் பல்லியைப் பாத்துக்கிட்டு நில்லு. கோர்ட்டு டவாலி ஓடி வாராரு. சிரிங்க தம்பி, சும்மா பேசிக்கிட்டு இருக்க மாதிரி சிரிங்க.

வாங்கய்யா. எங்களைத் தேடியா? நாங்க ஒண்ணும் எடுக்கலியே. அவன் இங்கனயே நிக்கான், இந்தத் தம்பி சாட்சி. என்ன குண்டு? எந்தக் குண்டு?

என்னது?

ஜட்ஜம்மாவே குடுத்தாவளா? சொந்தக் காசுல வாங்குனதா? கல்லுத் தரையில சுத்த வேண்டாம், கண்ணாடி, ஒடைஞ்சிரும், மேஜையில வச்சுச் சுத்துன்னு சொல்லச் சொன்னாவளா?

சரிங்கய்யா. சொல்லிருதேன். போயிட்டு வாங்க.

ஏல, என்ன மொறைக்க? அதான் கேட்டேம்லா. மேஜையிலதான் சுத்தணுமாம். நம்ம கடையில கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல இடம் ஒதுக்கித் தாரேன். இப்ப மொறைக்காத.

தம்பி, அந்தப் பையை இங்கன தாங்க.